'கம்பெனி' என்பது யார்?

ஓசூரில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் உருது பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அண்மை ஆண்டுகளில் இந்தியும் ஒடியாவும் பேசும் இளைஞரும் வந்து சேர்ந்துள்ளனர். இத்தனை மொழியினருக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. அதுவே 'கம்பெனி'. ஜூஜூவாடி எல்லை தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை அச்சொல் ஒலிக்காத தெருவில்லை. எல்லாருக்கும் புரிந்த சொல்தானே என்று நாமும் வாளாவிருக்கிறோம். அச்சொல் யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

'கம்பெனிக்குப் போகிறான்' என்றால் ஆலை வேலைக்குப் போகிறான் என்பது பொருள். 'கம்பெனி சாமான்' என்றால் போலியல்லாத பொருள். 'கொஞ்சம் கம்பெனி கொடு' என்றால் துணைக்கு வா என்பது, பெரும்பாலும் மதுக்கடைக்கு! பட்டாளத்தில் கம்பெனி என்பது ஒரு படைப்பிரிவு. 'கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை' என்றாலோ, முடிவெடுத்தவரின் பெயரைச் சொல்ல யாருக்கும் மனமில்லை என்பதே பொருள்.

இச்சொல்லின் வேரைத் தோண்டினால் வியப்பே மிஞ்சும். 'உடன்' என்றும் 'அப்பம்' என்றும் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கையில் பிறந்தது இது. அப்பத்தை உடன் பகிர்ந்து உண்பவனே தோழன். அத்தகைய தோழரின் கூட்டமே கம்பெனி. 1540இல் திருச்சபையின் ஒப்புதல் பெற்ற இஞ்ஞாசியாரின் சபைக்கு இசுபானிய மொழியில் வழங்கும் பெயரும் 'இயேசுவின் கம்பெனி' என்பதே. அருளானந்தரும் வீரமாமுனிவரும் அக்கம்பெனியைச் சேர்ந்தவர்களே. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் கூட, வேடம் எதுவாயினும், சிறுவர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினர்.

ஆனால், இந்த மண் முதலில் கண்ட கம்பெனி வேறு. 1600இல் இலண்டனில் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியை நம் முன்னோர் 'கும்பினி' என்றனர். 1792இல் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலைத் திப்பு சுல்தானிடமிருந்து பெற்றதும், அவர் வீழ்ந்த 1799இல் ஓசூர்ப் பகுதியைத் தனதாக்கிக்கொண்டதும் அதுவே. நிலத்தை அளந்தது, வரியை வகுத்தது. அதன் பங்குதாரரோ கடல்கடந்து இருந்தனர். வரி கட்டிய குடியானவன் அவர்களுள் ஒருவரையும் கண்டதில்லை. முகமற்ற கம்பெனிக்கு அடிபணியும் பழக்கம் நமக்கு அன்று தொடங்கியதே.

பின்னர் சட்டமும் துணைக்கு வந்தது. கம்பெனி என்பது தன் உறுப்பினரினின்று வேறான ஒரு 'நபர்' என 1896இல் இங்கிலாந்தின் உச்ச மன்றம் சாலமன் வழக்கில் உறுதி செய்தது. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமும் இக்கொள்கையையே ஏற்றது. பெயருக்குப் பின்னால் நிற்கும் 'லிமிடெட்' என்பது பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு கட்டுகிறது. வணிகத்திற்கு அது தேவையாக இருக்கலாம். மனித உறவுக்கும் அதே வரம்பைக் கட்டுவது எந்த நியாயம்?

இன்று ஓசூர் ஆலைகளில் ஒரே இயந்திர வரிசையில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் 'கம்பெனி ரோல்', மற்றவர் 'கான்ட்ராக்ட்'. இருவர் கையிலும் ஒரே எண்ணெய்க் கறை. ஆனால் ஊதியம் வேறு, விடுப்பு வேறு, நாளைய நிச்சயம் வேறு. இரண்டாமவருக்கு விபத்து நேர்ந்தால், 'அவர் எங்கள் கம்பெனி ஆள் அல்லர்' என்ற பதில் ஆயத்தமாக நிற்கிறது. உடன் உண்பவரைக் குறித்த சொல், உடன் உழைப்பவரை வெளியே தள்ளும் சொல்லாயிற்று!

'கம்பெனிகள் வந்ததால்தானே கேழ்வரகும் கொள்ளும் விளைந்த இந்த வானம் பார்த்த பூமி செழித்தது?' என்பர் சிலர். மறுக்கவில்லை. 1971இல் பிறந்த சிப்காட் இங்கே வளாகம் அமைத்திராவிட்டால், பல குடும்பங்களின் அடுப்பு எரிந்திராது. 'சந்தை ஏறும், இறங்கும். எல்லாரையும் நிரந்தரமாக்க இயலுமா?' என்றும் கேட்பர். நாம் கேட்பது அதுவன்று. வேலையை வாங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் இன்னொருவர் தலையில் கட்டலாமா என்பதே நம் கேள்வி. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1981இல் உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், நேரடி முதலாளியோடு மறைமுக முதலாளிக்கும் பொறுப்புண்டு என்று வலியுறுத்தினார்.

பிறரை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. நம்மிலும் சிறு ஆலை நடத்துவோர் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு. பெண் கேட்டு வரும் வீட்டாரிடம் 'மாப்பிள்ளை கம்பெனியா, கான்ட்ராக்டா?' என்று முதற்கேள்வி தொடுப்போரும் நாமே. ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், திங்களன்று ஆலை வாயிலில் இருவேறு சாதியாகப் பிரிவது எவ்வாறு தகும்?

இனி யாரேனும் 'கம்பெனி முடிவு செய்துவிட்டது' என்றால், 'கம்பெனியில் யார்?' என்று பணிவோடு, ஆனால் விடாது கேட்போம். பெயரும் முகமும் உள்ள மனிதர் ஒருவர் விடை சொல்லட்டும். உடன் உழைப்பவரை உடன் அமர்த்தி உண்ணாத எந்தக் கூட்டத்திற்கும் கம்பெனி என்ற பெயர் பொருந்தாது.