மன்னாருக்கு ஏது வசந்தகாலம்?

நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் மறக்க முடியாத ஒரு தவறு என் கணக்கில் உண்டு. பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. வாரமலரில் அரைப் பக்கம் காலியாக இருந்தது. ஆங்கிலச் சஞ்சிகையில் வந்திருந்த புற்றரைப் பராமரிப்புக் கட்டுரை ஒன்றை ஒரே மூச்சில் தமிழாக்கிக் கொடுத்தேன். பனி உருகியதும் புல்லை வாருங்கள், சுண்ணாம்பு தூவுங்கள், தாராளமாக நீர் பாய்ச்சுங்கள் என்று அது சொன்னது. ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, தலைமன்னாரில் எப்போது பனி உருகும்?" என்றார். 'பனி' என்பதை 'மழை' என்று திருத்தினோம், கட்டுரை அச்சேறியது. சுண்ணாம்பு அப்படியே இருந்துவிட்டது. சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கிடக்கும் மன்னார் மணலுக்குச் சுண்ணாம்பு!

கடந்த பங்குனியில் மன்னார்த் தீவுக்குச் சென்றபோது, அந்தக் கட்டுரையை யாரோ இன்னமும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றியது. புதிய வீடுகளின் முன்னால் 'மலேசியன் புல்' பாய் விரித்திருக்கிறார்கள். புல் இல்லாத இடத்தில் 'இன்டர்லொக்' கல். நடுவே தொட்டியில் ஒரு குரோட்டன்.

கணக்கொன்று பார்ப்போம். ஒரு பரப்பு நிலம் ஏறத்தாழ 250 சதுர மீற்றர். வெயில் காலத்தில் புல் பச்சையாக நிற்க நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் நீர் வேண்டும். அதாவது 1250 லீற்றர். ஒரு குடும்பம் குடித்து, குளித்து, துவைப்பதற்குப் போதுமானதைக் காட்டிலும் அதிகம். இந்தத் தீவில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. சித்திரையில் வரும் சிறுமாரியை நம்பி யாரும் புல் வளர்க்க முடியாது. குழாயைத் திறந்தால் வருவதும் பெருநிலத்தில் முருங்கன் பக்கத்து நிலத்தடி நீர்தான்.

கிணற்று நீர் என்றால் நிலைமை இன்னும் மோசம். தீவின் மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின் மீது ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிந்த விதி. அந்த ஓரடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் உவர் மேலேறும். துலா மிதித்தும் வாளியால் அள்ளியும் இறைத்த காலத்தில் நம் கை வலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இன்று ஆளியை அமுக்குபவருக்கு வலிப்பதில்லை.

அந்த வில்லையை நிரப்புவது முற்றத்தில் விழும் மழை ஒன்றே. முற்றத்தை மூடிக் கல் பதித்தால் மாரியில் வாசலில் வெள்ளம், ஆடியில் கிணற்றில் உப்பு. இரண்டையும் குறித்து ஒரே வீட்டார் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன்.

கல் பதிப்போரை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. எருக்கலம்பிட்டி நண்பர் ஒருவர் 1990 ஒக்டோபரில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவர். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது காணி முழுவதும் பற்றை. கூரை இல்லை. கிணற்றடித் தென்னை மட்டும் நின்றது. "பாம்பு வந்தால் கண்ணில் படட்டும், பேரப்பிள்ளைகள் விளையாடட்டும் என்றுதான் கல் பதித்தேன்" என்றார். இருபது ஆண்டுகள் காணியை மனத்தில் மட்டும் கூட்டிப் பெருக்கியவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆயினும் சொன்னேன். பங்குனி நம் ஊரில் நடும் காலமன்று, காக்கும் காலம். புதுக் கன்றுகளை ஐப்பசிக்கு ஒதுக்கிவிட்டு, உள்ள மரங்களின் அடியை மூட வேண்டும். காய்ந்த பனையோலை, தென்னம் பொச்சு, வேப்பஞ்சருகு எதுவாயினும் சரி. நாமோ விடியற்காலையில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறோம். அந்தச் சருகைக் கன்றின் தாளில் போட்டால் ஊற்றும் தண்ணீரில் பாதியாவது வேருக்குப் போய்ச் சேரும். குளிக்கும் நீர் வாழைக்கும், பாத்திரம் கழுவும் நீர் முருங்கைக்கும் போகட்டும். தண்ணீரை மாலையில் ஊற்றுவதே நன்று.

வைகாசியில் சோளகம் உப்பை வாரிக்கொண்டு வீசத் தொடங்கும். மதிலைவிட மட்டை வேலியே அதற்கு நல்ல தடுப்பு. மதிலில் மோதும் காற்று மேலே தாவி உள்ளே விழுந்து செடியை முறிக்கும். வேலியோ காற்றைச் சலித்து அனுப்பும். ஆனால் வேலிக்குள் கழுதை புகுந்துவிடுமே என்று நண்பரின் மனைவி கேட்டார். மன்னாரில் இது விளையாட்டுக் கேள்வியன்று. தெருக் கழுதைகளுக்கு மாதுளையும் செவ்வரத்தையும் ஒன்றுதான். படலையை இறுகச் சாத்துவதைத் தவிர வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவு. மாரியில் குடித்ததை அடிமரத்தில் வைத்துக்கொண்டு, கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கிற மரம். அதற்கு யாரும் புல் விரிக்கவில்லை.

முன்வாசலில் பச்சை வேண்டுமென்றால் என்ன செய்வது என்று நண்பர் விடவில்லை. மழை விழுந்ததும் அறுகு தானாக வரும், பங்குனியில் காயும், காய்ந்ததைக் காயவிடுங்கள் என்றேன். முகம் மலரவில்லை. நேற்றுத் தொலைபேசியில் பேசினார். வாசலில் கை வைக்கவில்லையாம். கிணற்றடித் தென்னையைச் சுற்றி மட்டும் பத்துப் பதினைந்து கல்லைப் பெயர்த்திருக்கிறாராம்.