தேர் எல்லாத் தெருவுக்கும் வரட்டும்!

(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற முதுமொழி. தேரைத் தனி ஒருவர் இழுக்க முடியாது. செல்வர் சிலர் சேர்ந்தாலும் இழுக்க முடியாது. வடம் நீளமானது, அதைப் பிடிக்கப் பல நூறு கைகள் வேண்டும், அத்தனை கைகளும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். பங்கு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. ஆனால் இம்முதுமொழியைக் கேட்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ஊர் கூடி இழுக்கும் தேர், ஊர் முழுவதும் போகிறதா? அன்புத் தோழியரே, பெரியோரே, இக்கேள்வியைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

ஆண்டெல்லாம் ஒரே குடும்பம்

திருச்சபையின் ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. அன்றிலிருந்து பங்கில் வேலைக்குக் குறைவில்லை. இளைஞர்கள் குடில் கட்ட மூங்கிலும் வைக்கோலும் தேடி அலைவார்கள். நாம் தட்டில் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்துப் பச்சைப் புல் வளர்ப்போம். கீதக் குழுவினர் டோலக்கும் கையுமாக இரவு வெகுநேரம் வீடு வீடாகச் சென்று பாடுவார்கள்.

கிறிஸ்து பிறப்பு முடிந்த சில நாட்களில் பொங்கல் வந்துவிடும். கோயில் வளாகத்தில் பானைகள் வரிசையாக நிற்கும். பால் பொங்கும்போது எழும் குரலில், யார் வீட்டுப் பானை முதலில் பொங்கியது என்று பிரித்தறிய முடியாது. பிறகு தவக்காலம் வருகிறது. சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள். ஆயர் நெற்றியிலும் ஆயாவின் நெற்றியிலும் பூசப்படுவது ஒரே சாம்பல். வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் எல்லோரும் ஒன்றாகவே முழந்தாளிடுகிறோம். பெரிய வெள்ளியன்று பல பங்குகளில் வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். வங்கியில் பணிபுரிபவரும் மீன் விற்கும் பாட்டியும் ஒரே வரிசையில் நின்று அதை வாங்கிக் குடிப்பார்கள். பாஸ்கா இரவில் ஒரே திரியிலிருந்து எடுத்த நெருப்பு கைக்குக் கை மாறிக் கோயில் முழுவதும் ஒளியாகிறது.

மே மாதம் மாதா வணக்கம், ஆகஸ்டு 15-இல் அன்னையின் விண்ணேற்பும் நாட்டின் விடுதலையும், செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு, அக்டோபரில் செபமாலை, நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள் என்று ஆண்டு சுழல்கிறது. வீட்டில் யாரேனும் இறந்தால் முதலில் வந்து நிற்பது பங்கு மக்கள்தான். நகரத்து அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டார் பெயர் தெரியாமல் வாழ்வோர் பெருகிவரும் இந்நாளில், இப்படி ஒரு குடும்பம் நமக்கு வாய்த்திருப்பது இறைவன் தந்த பெரும் கொடையல்லவா?

திருவிழாவும் தேரும்

இந்த ஆண்டின் சிகரம் பங்குப் பாதுகாவலரின் திருவிழா. கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள் வழிபாடு, கடைசி இரவில் தேர்ப்பவனி, மறுநாள் திருவிழாத் திருப்பலி, சில ஊர்களில் அனைவருக்கும் அசன விருந்து என்று அது களைகட்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் கிறிஸ்துமசுக்கு வராவிட்டாலும் ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

தூத்துக்குடி பனிமய மாதாவின் தங்கத்தேர் 1806-இல் முதன்முறையாக ஓடியது. அது ஆண்டுதோறும் ஓடும் தேரன்று. 2013-இலும் பிறகு 2023-இலும் ஓடியபோது, சமயம் பாராமல் மக்கள் திரண்டு வடம் பிடித்தார்கள். தேர் என்பது கோயிலுக்குள் இருக்கும் அன்னை, கோயிலுக்கு வர இயலாதவர்களைத் தேடிப் போவது. படுத்த படுக்கையாய் இருக்கும் தாத்தாவும், பிள்ளை பெற்று வீட்டோடு இருக்கும் அக்காவும் வாசலிலிருந்தே கைகூப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அது தெருவில் இறங்குகிறது. தேரின் பொருளே அதுதான்.

அங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. எங்கள் வகுப்பில் பல பங்குகளைச் சேர்ந்தவர்கள் படிக்கிறோம். ஒரு நாள் உணவு இடைவேளையில் அவரவர் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி தன் வீட்டு மாடியிலிருந்து தேருக்குப் பூத் தூவுவதைப் பெருமையாகச் சொன்னாள். மற்றொருத்தி, "எங்கள் தெருவுக்குள் தேர் வராது. தெரு முனையோடு திரும்பிவிடும். நாங்கள் அங்கே போய் நின்று மெழுகுதிரி ஏற்றுவோம்" என்றாள். அவளுடைய தந்தைதான் ஆண்டுதோறும் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுபவர். கட்டை போடுபவர் கை தவறினால் தேர் சாய்ந்துவிடும். அத்தகைய பொறுப்பைச் சுமப்பவரின் வாசலுக்கு அந்தத் தேர் ஒரு நாளும் வந்ததில்லை. அதைச் சொன்னபோது அவள் குறையாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதுபோல் சொன்னாள். அவள் அதைக் குறையாக எண்ணாததுதான் எங்கள் நெஞ்சை உறுத்தியது.

சொல்லப்படும் காரணங்கள்

ஏன் வராது என்று கேட்டால் பெரியவர்கள் சில காரணங்கள் சொல்வார்கள். அவற்றை மரியாதையோடு ஆராய்ந்து பார்ப்போம்.

"தெரு குறுகலானது, மின்கம்பி தாழ்வாக இருக்கிறது" என்பது முதற் காரணம். இது உண்மையாகவே இருக்கலாம். பெரிய தேர் போகாவிட்டால் நால்வர் தோளில் சுமக்கும் சிறிய சப்பரம் போகலாமே! அன்னையின் சுரூபம் எவ்வளவு பெரிய தேரில் வந்தது என்பதையா அந்த வீட்டுப் பாட்டி பார்க்கப் போகிறார்? தன் வாசலுக்கு வந்தாள் என்பதே அவருக்குப் போதும்.

"அவர்கள் திருவிழா வரி சரியாகக் கொடுப்பதில்லை" என்பது இரண்டாவது காரணம். பந்தலுக்கும் மின்விளக்குக்கும் மேளத்துக்கும் பணம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்றாடக் கூலிக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே வரி என்பது நியாயமா? கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, வாசிக்கப்படாத பெயர்களும் எல்லோர் காதிலும் விழத்தானே செய்கின்றன? எருசலேம் கோயிலில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைத்தான் இயேசு பாராட்டினார். அப்பெண் இன்று நம் பங்கில் இருந்தால், அவள் பெயர் வரிப் புத்தகத்தில் பாக்கிப் பட்டியலில் அல்லவா இருக்கும்! இயன்றதை உறையில் இட்டுக் கொடுக்கச் சொல்லலாம். பந்தற்கால் நட்டவரின் உழைப்பையும் வரியாகவே கொள்ளலாம்.

"இது வழக்கம்" என்பது மூன்றாவது காரணம். உண்மையில் முதல் இரண்டு காரணங்களுக்கும் பின்னால் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இதுதான். இந்தத் தெரு மேல், அந்தத் தெரு கீழ் என்று சாதி வகுத்த கோடுதான் தேரின் பாதையாகவும் ஆகிவிட்டது. சில ஊர்களில் அக்கோடு கல்லறைத் தோட்டம் வரை நீள்கிறது. கல்லறைத் திருநாளில் ஒரே மன்றாட்டைச் சொல்லிக்கொண்டு சுவரின் இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றுகிறோம். இதைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருப்பது இன்னும் பெரிய குற்றம் அல்லவா?

வழக்கங்கள் மாறியிருக்கின்றன

வழக்கத்தை மாற்ற முடியாது என்பவர்கள் நம் திருச்சபையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். நம் கொள்ளுப் பாட்டிமார் இலத்தீனில் நடந்த திருப்பலியைப் பொருள் தெரியாமல் கண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. இன்று நாம் தமிழில் செபிக்கிறோம். பல நூற்றாண்டு வழக்கம் மாறியதால் விசுவாசம் குறைந்துவிட்டதா? வளர்ந்தல்லவா இருக்கிறது!

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு ஆண்களையே தேர்ந்தெடுப்பது விதியாக இருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் அதை மாற்றினார். இறைமக்கள் அனைவரிலிருந்தும், பெண்களையும் சேர்த்து, தேர்ந்தெடுக்கலாம் என்றார். அதற்கு முன்பே, 2013-இல், உரோமை நகரின் இளையோர் சிறை ஒன்றுக்குத் தாமே சென்று பெண்களின் பாதங்களையும் கழுவினார். நம்மைப் போன்ற சிறுமியர் பீடத்தில் பணிபுரிய உரோமை 1994-இல் வழிவிட்டது. இவையெல்லாம் மாறக்கூடுமானால், ஒரு தேர் இன்னும் இரண்டு தெரு கூடுதலாகப் போவது மட்டும் ஏன் மாறக்கூடாது?

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோயில், சாதிப் பிரிவினர் தனித்தனியே நின்று வழிபட வசதியாக இரண்டு கிளைகளாக அமைக்கப்பட்டு, நடுவில் சுவரும் எழுப்பப்பட்டது. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. நீதிமன்றத்துக்கு வழக்குப் போயும் சுவர் மீண்டும் எழவில்லை.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த உயர்குடியினரான அவர், சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் சமமாகப் பழகினார். துன்பங்கள் பல அடைந்து, 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் உயிர் துறந்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. பொங்கல் பானை ஏறும் அதே நாட்களில் அவர் திருநாளும் வருகிறது. ஒரே பந்தியில் பொங்கல் உண்டுவிட்டுத் தேருக்கு மட்டும் தெரு பிரித்தால் அவரை எந்த முகத்தோடு பார்ப்போம்?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சாதி வேற்றுமை நற்செய்திக்கு முரணானது என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. அறிக்கை அச்சில் இருக்கிறது. அது நம் தெருவில் நடமாட வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

"பாதையை மாற்றினால் சண்டை வரும், இருக்கும் அமைதியும் கெடும்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யானதன்று. பாதையை இரவோடு இரவாக மாற்றச் சொல்லி நாம் கேட்கவில்லை. பங்குப் பேரவையில் பேசட்டும். அன்பியக் கூட்டங்களில் பேசட்டும். எல்லாத் தெருவினரும் அமர்ந்து பேசட்டும். ஆனால் ஒரு சாரார் வாய்மூடி இருப்பதை அமைதி என்று சொல்லாதிருப்போம். இயேசு சமாரியா வழியாகப் போனார்; கிணற்றடியில் அமர்ந்து தண்ணீர் கேட்டார்; சக்கேயுவின் வீட்டுக்குத் தாமே விருந்தாளியாகச் சென்றார். அவர் நடந்த பாதையே நம் தேருக்கும் பாதையாகட்டும்.

சிறுமியரான நம் கையில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம், தோழியரே! தேரின் வடம் பெரியவர்கள் கையில் இருக்கலாம். ஆனால் கீதக் குழுவில் பாடுவது நாம். வருகிற டிசம்பரில் கீதப் பவனியைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்கலாமா என்று பங்குத் தந்தையிடம் பணிவோடு கேட்போம். மாதா வணக்க மாதத்தில் செபமாலையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தெருவில் சொல்லச் செய்வோம். திருவிழாவில் பூத் தூவும் சிறுமியரை எல்லாத் தெருக்களிலிருந்தும் சேர்ப்போம். ஒரு வீட்டு வாசலில் நின்று பாடியவர்களுக்கு அந்த வீடு பிறகு அயல் வீடாகத் தோன்றாது.

பெற்றோர்களே, அருட்சகோதரிகளே, வகுப்பறையில் எங்களை ஒரே பெஞ்சில் அமர வைத்தீர்கள். ஒரே தட்டில் பங்கிட்டு உண்ணக் கற்றுத் தந்தீர்கள். அந்தப் பாடம் பள்ளி வாசலோடு முடிந்துவிடக்கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போடுபவரின் வீட்டு வாசலில் ஓர் ஆண்டாவது தேர் நிற்கட்டும். அன்று அவர் மகள் தெரு முனைக்கு ஓட வேண்டியிராது. தன் வீட்டுத் திண்ணையில் நின்றபடியே, தன் அம்மாவோடு மெழுகுதிரி ஏற்றுவாள்.