ஒளி சொல்லும் செய்தி நம் ஊர் வைத்தியசாலைக்கும் வரவேண்டும்

ஓப்பநாயக்கவைச் சுற்றி வாழும் நம் மக்களுக்கு மாணிக்கக் குழிகள் புதியவை அல்ல. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் கற்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதும் நாம் அறிந்ததே. ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சினால் கெம்புக்கல் தணல்போல ஒளிரும். கல்லில் சிறிதளவு கலந்துள்ள குரோமியம் என்ற உலோகமே அதற்குக் காரணம். இரும்பு கூடினால் அந்த ஒளி மங்கிவிடும்.

ஒளியைக் கொண்டு இரத்தத்திலுள்ள உலோக உப்புக்களையும் அறியலாம் என்று காட்டியவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் முக்கியமானவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்று, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராகப் பணிபுரிந்த பிரசன்ன டி சில்வாவே அவர்.

அவர் அமைத்த மூலக்கூறில் ஒரு பக்கம் ஒளிரும் சாயம், மறுபக்கம் உலோக அயனைப் பிடிக்கும் வளையம். வளையம் வெறுமையாக இருக்கும்போது அதிலுள்ள இலத்திரன் ஒன்று சாயத்துக்குத் தாவி ஒளியை அணைத்துவிடும். அயன் வந்து அமர்ந்தால் இலத்திரன் தாவ முடியாது; சாயம் ஒளிரும். உரலுக்கேற்ற உலக்கை போல, சோடியத்துக்கு ஓர் அளவு வளையம், அதனிலும் பெரிய பொற்றாசியத்துக்கு வேறோர் அளவு. பிடித்த அயன் மீண்டும் விடுபடவும் முடியும். ஆகவே ஒளியின் அளவைப் பார்த்து உப்பின் அளவைச் சொல்லலாம். இவ்வாய்வின் வழியே சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றைச் சிறிதளவு இரத்தத்தில் அளக்கும் கருவிகள் உருவாகின.

சீனியைப் பிடிக்க உலோக வளையம் உதவாது. அதற்குப் போரன் சேர்ந்த அமிலமொன்று வேண்டும். டி சில்வாவுடன் முன்னர் ஆய்வு செய்த சந்தநாயக்க, ரொனி ஜேம்ஸ், ஷின்காய் ஆகியோர் 1994இல் ஜப்பானில் இதைச் செய்து காட்டினர். முன்பு சிறுநீரோடு நீலநிறப் பெனடிக்ற் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கி நிறமாற்றம் பார்த்தார்கள். 2018இலோ, தோலின் கீழ் வைத்து ஒளியால் சீனியை அளக்கும் கருவிக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நிலத்தை இழந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு உடல் ஒன்றே எஞ்சிய முதல். நெரிசலான தங்குமிடத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் உடலின் உப்புக்கள் வெளியேறிவிடுகின்றன. ஜீவனியை உடனே கொடுக்கவேண்டும். எந்தக் கருவிக்காகவும் காத்திருக்கக் கூடாது. ஆனால் பிள்ளை சோர்ந்து விழுந்தால், எந்த உப்பு எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தியர் அறியவேண்டும். சிறுநீரக நோயாளிக்குப் பொற்றாசியம் கூடினால் இதயமே நின்றுவிடலாம். பலாங்கொடைக்கோ இரத்தினபுரிக்கோ கொண்டுபோகும் நேரம் உயிரின் விலையாகிவிடக்கூடாது.

இலங்கையர் ஒருவரின் சிந்தனை உலகின் பெரிய வைத்தியசாலைகளில் பயன்படுகிறது. அது மலைநாட்டுச் சிறு வைத்தியசாலையையும் எட்டவேண்டும் என்பது பிச்சை அல்ல, உரிமைக் கோரிக்கை. இரத்த உப்புக்களை அளக்கும் வசதி உங்கள் வைத்தியசாலையில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, சுகாதார அதிகாரிகளுக்கு எழுதுங்கள். கேட்காத குரலுக்கு எந்தக் கருவியும் வராது.