வராத பிள்ளையும் நம் பதிவேடும்

முந்திரி பழுத்து உதிரும் பங்குனி, சித்திரை மாதங்களில் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை எங்கே கூடுகிறது என்பதைக் குறிஞ்சிப்பாடி வட்டார ஆசிரியர்கள் அறிவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பரவனாறு கரைபுரண்டால் அது மறுபடியும் கூடும். தறி ஓடும் தெருக்களுக்கோ பருவமே கிடையாது. கைலிக்கு நூல் வந்து இறங்கிய வாரத்தில் தார் சுற்ற ஒரு கை குறைந்தால், அந்தக் கை பள்ளியிலிருந்துதான் எடுக்கப்படும்.

இதற்கு நாம் வைத்திருக்கும் மருந்து என்ன? தாமதித்தால் வாயிலில் முழந்தாள், மூன்று நாள் வராவிட்டால் "அப்பாவை அழைத்து வா", பிறகு அபராதம், இறுதியில் மாற்றுச் சான்றிதழ். தறிக்குழியில் இருக்கும் தகப்பன் பள்ளிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதற்கு அஞ்சியே பிள்ளை நான்காம் நாளும் வருவதில்லை. வராத பிள்ளையை வரவிடாமலே செய்ய இதைவிட நல்ல வழி வேண்டுமா!

"ஏழைப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை" என்று ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்று பேசும் அன்பர்களுக்கு ஒரு சொல். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 1953இல் இராஜாஜி அரசு ஊர்ப்புறப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று தமிழகம் கொதித்தது. 1954இல் முதல்வரான காமராசர் அதனைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவு தந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். சோறு வைத்தபோது பிள்ளைகள் வந்தார்கள். அக்கறையற்ற பெற்றோரா அனுப்பிவைத்தார்கள்? பசிக்கு முதலில் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதை, குறிஞ்சிப்பாடிக்கு அருகே வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2024 ஜூலையில் ஊரகத்தின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அத்தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பள்ளியில் நடந்தது. நமக்குப் பெருமைதான்.

ஆயினும் தொழில் விட்டபாடில்லை. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்த 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு புறவாசலையும் வைத்தது. ஆபத்தான தொழிலுக்கு அது பொருந்தாது என்று ஏட்டில் உண்டு. விடியுமுன் வீட்டுக்குள் நடப்பதை எந்த ஆய்வாளர் வந்து பார்க்கிறார்? முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுத் தோலுரிந்த விரல் எழுதுகோலை எப்படிப் பிடிக்கும்? 1954இல் தலைவாசல் வழியே வெளியேறிய திட்டம் கொல்லைப்புறமாக உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் "கட்டாயம்" என்ற சொல் பிள்ளையைக் கட்டவில்லை, அரசைக் கட்டுகிறது. பிள்ளையைச் சேர்ப்பதும் தொடர்ந்து வரச்செய்வதும் அரசின் கடமை. தொடக்கக் கல்வி முடியும்வரை வெளியேற்றக் கூடாது. அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் உரிமை காக்கப்பட்டது என்று நாமும் நிம்மதி அடைந்தோம். எதிலிருந்து விலக்குப் பெற்றோம் என்று எண்ணிப் பார்த்தோமா? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் நாம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வருகை என்று ஆண்டு விழாவில் மார்தட்டக் கூச வேண்டாமா?

மரியாயின் சேனையினர் இருவர் இருவராக வீடு சந்திக்கச் செல்கிறார்கள். வாரக் கடைசியில் தலைமையாசிரியர் அவர்களிடம் வராத பிள்ளைகளின் பட்டியலைக் கொடுக்கட்டும், எம்மதத்துப் பிள்ளையானாலும் சரி. அபராதம் எழுதும் குறிப்பேட்டை மூடிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தறியா, முந்திரியா, காய்ச்சலா, செருப்பில்லையா என்று அவர்கள் எழுதி வரட்டும். அதன் பிறகு தண்டனையைப் பற்றிப் பேசலாம்.