கடைசி வாங்கில் யார் இருக்கிறார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்களும் அனுப்பக் காத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாளுக்கு என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். விஞ்ஞானப் பிரிவு, முதலாம் வருடம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. படிப்பு எப்படி என்று கேட்டேன்.

"சேர் ஸ்லைடை வாசிப்பார் டீச்சர், நாங்க போட்டோ எடுப்போம். எல்லாம் இங்கிலீஷ். விளங்கல்ல, கேட்கவும் பயம். நான் மொக்குப் போல."

உயர்தரம் வரை தமிழில் படித்து, நல்ல இஸட் ஸ்கோர் எடுத்துப் போனவள் அவள். ஆறு மாதத்தில் எப்படி மொக்கு ஆவாள்?

எங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கவே கலாசாலையில் உளவியல் படித்தோம், பாடக் குறிப்பு எழுதினோம். கற்பித்தல் பயிற்சியின்போது கடைசி வாங்கில் ஒரு விரிவுரையாளர் கொப்பியும் பேனையுமாக இருப்பார். என் முதல் பாடம் முடிந்ததும் அவர் கேட்டது: "நீங்க நல்லாப் பேசினீங்க. பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு வகுப்புக்கு வருகிறது. பாடசாலைக்கு வந்த பிறகும் சேவைக்கால ஆலோசகர் வந்து பார்ப்பார். சில நேரம் எரிச்சல் வரும். ஆனால் திருந்தியிருக்கிறோம்.

பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு இது குறைவு. முதல் வகுப்பில் சித்தியடைந்தவர், நேர்முகத் தேர்வு முடிந்ததும் நூறு பேருக்கு முன்னால் நிற்கிறார். பாடம் தெரியும். பாடத்தைக் கற்பிக்க அவருக்கு யாரும் பழக்கவில்லை. அது அவருடைய பிழையல்ல.

நாட்டில் ஏற்பாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தலைப் பழக்கும் ஸ்டாஃப் டெவலப்மென்ட் சென்டர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கியது. அதன் பயிற்சிநெறி பிரித்தானியாவின் சீடா அமைப்பின் அங்கீகாரமும் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு நிலையம் இருக்கிறது. புதிதாகச் சேரும் விரிவுரையாளர், பதவி உறுதிப்பட இந்தப் பயிற்சியை முடிக்கவேண்டும். நல்ல விதி.

ஆனால் சான்றிதழ் கோப்புக்குள் போனபின் என்ன நடக்கிறது? மாணவர் கருத்துப் படிவம் இருக்கிறது, சக விரிவுரையாளர் வகுப்பைப் பார்க்கும் முறையும் இருக்கிறது. படிவம் நிரப்புவது வேறு, ஒருவர் வந்திருந்து, "அந்தப் பிள்ளைகள் ஏன் எழுதாமல் இருந்தார்கள்?" என்று பக்குவமாகக் கேட்பது வேறு. அந்த நிலையங்களின் உண்மையான வேலை இரண்டாவதுதான். அதற்கு ஆளும் நேரமும் கொடுக்கவேண்டும்.

"கேம்பஸ் பிள்ளைகள் பெரியவர்கள், தாங்களாகப் படிக்கட்டும்" என்பார்கள். சரிதான். ஆனால் தமிழில் பதின்மூன்று வருடம் படித்த பிள்ளையை ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் இறக்கிவிட்டு, நீந்து என்று சொல்வது சுயகற்றல் ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பக்கத்திலிருப்பவருக்கு விளக்கிச் சொல்லச் சொன்னாலே பாதிப் பயம் போகும். இதற்குப் பணம் தேவையில்லை, பழக்கம்தான் தேவை.

நமக்கு இது ஏன் பெரிய விடயம்? 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கொட்டில்களில் படித்து, திரும்பி வந்து சோனகத் தெருவில் மறுபடி விளக்கேற்றிய சமூகம் நாம். நம்மில் கேம்பஸ் போகும் பிள்ளைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று "நான் மொக்கு" என்று திரும்பி வந்தால் தாங்கமாட்டோம்.

ஆகவே என் கோரிக்கை: முதலாம் வருட வகுப்புகளில் அந்த நிலையத்தார் கடைசி வாங்கில் வந்து இருக்கட்டும். உயர்தர ஆசிரியர்களையும் முதலாம் வருட விரிவுரையாளர்களையும் ஒரு நாள் ஒரே மேசையில் இருத்தட்டும். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெறுபேறு வந்ததும் பொன்னாடை போர்த்திப் படம் போடுகிறோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்து, "விளங்குதா?" என்று கேட்கிறோமா?

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.