நீங்க அவருக்கு என்ன வேணும்?

நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் மூன்று மேசைகள். ஒன்றில் தட்டச்சு செய்பவர், அடுத்ததில் முத்திரைத்தாள் விற்பவர், மூன்றாவதில் நோட்டரி. நானும் என் தம்பி மனைவியும் மூன்றாவது மேசையின் முன் நின்றோம். காகிதத்தைப் புரட்டிப் பார்த்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"கையெழுத்துப் போடற ஆளு எங்கம்மா?"

"உள்ள இருக்காரு சார்."

"உள்ளன்னா?"

"ஜெயில்ல."

"அப்ப ஆள கூட்டிட்டு வந்துருங்க."

பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். தட்டச்சு செய்பவரும் சிரித்தார். தம்பி மனைவியும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். அக்கா என்றேன். "அக்கான்னு ப்ரூஃப் இருக்கா?"

இல்லை. கல்யாணமானதும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். ஆதாரில் கணவர் பெயர். அரசுப் படிவங்களில் த/பெ உண்டு, க/பெ உண்டு. உடன்பிறந்தவளுக்குக் கட்டம் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கி, இருபது வருடமாகக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து, மூன்று கவிதைத் தொகுப்பும் போட்டவள், கூடப் பிறந்தவனுக்கு அக்கா என்று நிரூபிக்க வழியில்லாமல் நின்றேன்.

தம்பி என்ன செய்தான் என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றும். வழக்கு நடக்கிறது, சொல்லப்போவதில்லை. அவன் குற்றவாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் மனைவி என்ன குற்றம் செய்தாள்? எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த என் அம்மா என்ன குற்றம் செய்தார்? அப்பா இறந்தபிறகு வீடு அம்மா பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு அந்த வீட்டை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். வங்கி அவன் கையெழுத்தைக் கேட்டது. அவன் வர முடியாதென்றால் மனைவிக்கு பவர் எழுதிக்கொடுக்கட்டும், நோட்டரி முத்திரையோடு கொண்டுவாருங்கள் என்றது. அப்படித்தான் வேப்பமரத்தடிக்கு வந்தோம்.

சிரித்து முடித்த நோட்டரி வழி ஒன்று சொன்னார். "ஆயிரத்து ஐந்நூறு குடுங்க. கையெழுத்த நீங்க எங்கயாவது வாங்கிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்." சீல் போடுகிறவர் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குத்தான் நோட்டரி என்று ஒருவர் இருக்கிறார். தன் கட்டணத்தை எழுதிப் பார்வையில் மாட்டிவைக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. அங்கே மாட்டியிருந்தது ஒரு முருகன் காலண்டர்.

தம்பி மனைவி பையைத் திறந்துவிட்டாள். நான்தான் அவள் கையைப் பிடித்தேன். வேண்டாம், முறையாகவே செய்வோம் என்றேன். என் மாணவிகளிடம் சொல்லும் அதே குரலில் சொன்னேன். அந்த நேர்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். எனக்குத் தற்செயல் விடுப்பு இருந்தது. அவள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வராத நாளுக்குக் கூலி இல்லை, ஒரு நாளைக்கு 450 ரூபாய். கடைகளில் வேலை செய்வோர் உட்காருவதற்கு இந்த மாநிலத்தில் 2021இல் சட்டம் போட்டார்கள், நல்லது. கடைக்கு வெளியே அவள் நின்ற வரிசைகளுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

முறையான வழி இதுதான். காகிதத்தைச் சிறைக்குக் கொண்டுபோக வேண்டும். மனு பார்க்கும் நாளில் நம் கையால் கொடுக்க முடியாது. வழக்கறிஞர் மூலமாகவோ அலுவலகம் மூலமாகவோ உள்ளே போக வேண்டும். கைதி அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட, அதிகாரி சான்றொப்பம் இட்டு, முத்திரை வைத்து வெளியே அனுப்ப வேண்டும். எத்தனை நாளில் என்று கேட்டால் பதில் இல்லை. ஒருநாள் அதிகாரி லீவு. இன்னொரு நாள் ஐ.ஜி. வருகை. ஒருமுறை காகிதம் வெளியே வந்தது, கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. 19 நாள். அந்த 19 நாளில் அவள் ஏழு நாள் கூலியை இழந்தாள், நான் ஒருநாள்கூட இழக்கவில்லை.

கொண்டுபோய் வங்கியில் கொடுத்தோம். அங்கே சட்ட ஆலோசகர் பார்த்துவிட்டு, அசையாச் சொத்து விஷயம், பதிவு செய்த பவர்தான் செல்லும், இது போதாது என்றார். தமிழ்நாட்டில் 2012இலிருந்தே அப்படித்தானாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "கவுண்டர்ல இருந்த பொண்ணு புதுசு மேடம்." ஆக, தப்பும் ஒரு பெண் தலையில்.

சார்பதிவாளர் அலுவலகத்திலும் அதே வசனம்: ஆளைக் கூட்டிட்டு வாங்க. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார்கள். போலீஸ் காவலோடு கூட்டிவர நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள் என்று பக்கத்திலிருந்த ஒருவர் அதற்கும் ஒரு தொகை சொன்னார்.

நான் அன்று இரவு பதிவுச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். 1908ஆம் ஆண்டுச் சட்டம். கல்வெட்டு படித்த கண்ணுக்கு அது பெரிய கஷ்டமில்லை. பிரிவு 33: அதிகார ஆவணம் எழுதிக்கொடுக்கிறவர் சிறையில் இருந்தால் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரத் தேவையில்லை. அவர் மனமொப்பித்தான் எழுதினாரா என்று அறிய அதிகாரியே சிறைக்குப் போய் விசாரிக்கலாம், அல்லது ஆணையர் ஒருவரை அனுப்பலாம். பிரிவு 38: பத்திரப் பதிவுக்கும் அப்படியே. நடக்க முடியாத நோயாளி, சிறையில் இருப்பவர், இருவருக்கும் விலக்கு. வெள்ளைக்காரன் 1908இல் எழுதிவைத்துவிட்டுப் போனதை நூறு வருஷம் கழித்து அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் எங்களிடம் சொல்லவில்லை. தெரியாமலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னால் அவர் கிளம்பிப் போக வேண்டும். சொல்லாவிட்டால் நாங்கள் அலைவோம். நடைமுறை என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: யாருடைய கால் நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு.

இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்டுச் சொத்தை எழுதி வாங்குகிற நாட்டில் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். சிறைக்குள் இருப்பவனை மிரட்டியும் எழுதி வாங்குவார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குக் கள்ளத்தனத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? கட்டுப்பாட்டைக் காக்க நியமிக்கப்பட்டவர்தான் ஆயிரத்து ஐந்நூறுக்கு அதை விற்றார். நேர்வழியை அடைத்துவைத்தால் குறுக்குவழிக்குக் கட்டணம் வசூலிக்கலாம். பணமிருப்பவருக்கு இந்த வரிசைகளே தெரியாது. அவர்கள் வீட்டுக்கே நோட்டரி வருவார்.

அந்த வேப்பமரத்தடியில் நாங்கள் நின்ற நாளில் ஒரு அம்மா வந்தார். மகனைக் குண்டர் சட்டத்தில் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம். விசாரணை இல்லாமல் 12 மாதம்வரை வைத்திருக்கலாம். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுக்களில் மனுதாரர் பெயர்களைப் பாருங்கள். அம்மாக்கள், மனைவிகள். உள்ளே இருப்பவன் ஆண், பிரமாணப் பத்திரத்தில் ரேகை வைப்பவள் பெண். அந்த அம்மாவின் பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. கடைசி வரியில், இது எனக்குத் தமிழில் படித்துக்காட்டப்பட்டு நான் புரிந்துகொண்டேன் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. யாரும் படித்துக்காட்டவில்லை. "இங்க வைம்மா, இங்க, இங்க." பெருவிரல் மூன்று முறை மையில் போய் வந்தது. தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. தடுப்புக்காவலில் இருப்பவனுக்கு, அவனுக்குத் தெரிந்த மொழியில் ஆவணங்களைத் தரவில்லை என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே நீதிமன்றம் காவல் ஆணையை ரத்துசெய்யும். எத்தனையோ ஆணைகள் அப்படி விழுந்திருக்கின்றன. மகனுக்கு மொழிபெயர்ப்பு அடிப்படை உரிமை. அந்த உரிமையைக் கேட்டு மனுப் போடும் தாய்க்கு, தான் என்ன சத்தியம் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லை.

நம் ஆட்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. மேடைகளில் இந்தப் பெண்களைத் தாய்மையின் சின்னமாக்கிக் கைதட்டுகிற தோழர்கள், காத்திருக்கும் கண்கள் என்று கவிதை எழுதுகிற கவிஞர்கள் (நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், தொகுப்பில் இருக்கிறது, எடுக்க முடியாது). அற்புதம்மாளை நினைத்துப் பாருங்கள். 1991 ஜூனில் மகனைக் கொண்டுபோனார்கள். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 31 வருடம். அவரைத் தாய் என்று போற்றினோம். அந்த 31 வருடத்தில் அவர் எத்தனை அலுவலகப் படி ஏறினார், எத்தனை மனுவுக்கு நகல் எடுத்தார், பேருந்துக்கு எவ்வளவு செலவழித்தார் என்று யாராவது கணக்கெடுத்தோமா? அது அரசியல் வேலை, சட்ட வேலை, எழுத்தர் வேலை. ஒரு ஆண் செய்திருந்தால் களப்பணி என்று பெயர் வைத்திருப்போம். அம்மா செய்தால் பாசம்.

எங்கள் துறையில் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று முதல் வருட மாணவிக்கே சொல்லிக்கொடுக்கிறோம். போனவன் வரும்வரை வீட்டில் ஆற்றியிருப்பது. சிறை வாசலில் நிற்கும் பெண்களை முல்லைத் தலைவியாக்கி ஆய்வுக் கட்டுரை ஒன்றுகூட என் மேசைக்கு மதிப்பீட்டுக்கு வந்தது. இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பஸ்ஸில் இருக்கிறார்கள், ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்கள், தாலுகா ஆபீசில் ஜாமீன்தாரருக்குச் சொத்து மதிப்புச் சான்று வாங்க வி.ஏ.ஓ.வைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சொத்து மதிப்புச் சான்று என்றதும் ஒன்று. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பிணை கிடைத்துவிட்டது, 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட், அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார், வேறு மாவட்டம் என்ற காரணத்தைக் கடுமையாகச் சாடினார். 2023இலும் உச்ச நீதிமன்றம் உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 45 வருடம். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஒவ்வொருவருக்கும் வெளியே கோப்பும் கையுமாக ஒரு பெண் அலைகிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, உள்ளே இருப்பவர் பெண் என்றால் வெளியே அலைகிறவர் யார்? ஒருமுறை மகளிர் சிறைக்குக் கவிதை வாசிக்கப் போனேன். வாசலில் மனுவுக்கு நின்றவர்கள் அம்மாவும் அக்காவும் தங்கையும்தான். கணவர் என்று ஒருவரையும் பார்க்கவில்லை.

என்ன கேட்கிறேன்? புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இலிருந்து இருக்கிறது. அதன் 12ஆவது பிரிவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு, காவலில் இருப்பவருக்கும் உண்டு. கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவருக்குமே உரிமை இருக்கிறது. சிறைக்குள் சட்ட உதவி மையம் இருக்கிறது, தன்னார்வலர்கள் வருகிறார்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று கையெழுத்து வேண்டிய காகிதம் எல்லாவற்றையும் அவர்களே உள்ளே கொண்டுபோய், சான்றொப்பத்தோடு அன்றே வெளியே கொண்டுவந்து தரட்டும். காகிதம் வாங்கியதற்கு ஒரு ரசீது கொடுக்கட்டும். எந்த வரிசையிலும் எங்களுக்கு ரசீது கிடைத்ததில்லை. சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் 33, 38 இரண்டையும் தமிழில் எழுதிவைக்கட்டும். பிரமாணப் பத்திரத்தில் ரேகை வைப்பவருக்கு அவர் மொழியில் ஒரு பிரதி தரட்டும். படிவத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு கட்டம் போடட்டும்.

நாங்கள் இரண்டு பிரிவுகளையும் எழுதி, பதிவுத் தபாலில் மனுப் போட்டோம். நகல் மாவட்டப் பதிவாளருக்கு. பதினோராவது நாள் அதிகாரியும் ஒரு உதவியாளரும் கேமராவும் ரேகைக் கருவியுமாகச் சிறைக்குப் போனார்கள். வேலை அரைமணி நேரம்தான். கடன் வந்தது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் தள்ளிப்போனதால் முன்போல நடக்க வராது என்றார் மருத்துவர். வாக்கர் பிடித்துக் கழிவறைவரை போகிறார். அங்கேயும் பிடித்துக் கூட்டிப்போவது தம்பி மனைவிதான்.

தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். போன மாதம் மனு பார்க்க அவளோடு போயிருந்தேன். வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், நிலப் பத்திரத்தில் புருஷன் கையெழுத்து வேணுமாம், கூட்டிட்டு வரச் சொல்றாங்க என்று யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். தம்பி மனைவி பையிலிருந்து கடை பில் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணி, முப்பத்தெட்டுதானே ரெண்டாவது?" என்றாள்.