வால்பாறை இ-பாஸில் நேரமும் இருக்கட்டும்

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வால்பாறைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயமாகியிருப்பது நல்ல தொடக்கம். மலையேறும் வண்டிகள் எத்தனை என்ற கணக்காவது இனி அரசின் கையில் இருக்கும். ஆனால், பங்குனி மாதத்துப் பகல் வெயிலில் போகும் காரும் ஆடி மாதத்து இரவு மழையில் போகும் காரும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படக் கூடாது. காட்டுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை, சுற்றுலா வண்டி எதுவும் ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடைப்பட்ட சாலையில் இருக்கக் கூடாது என்பதை இ-பாஸின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடல்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் இந்தச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. அடிவாரத்தில் வறண்ட காடு. அட்டகட்டியைத் தாண்டி ஏற ஏறப் பசுமைமாறாக் காட்டின் துண்டுகளும் தேயிலைத் தோட்டங்களும் மாறி மாறி வருகின்றன. மழையில் இந்த வழியே காரோட்டிப் போவதற்கென்றே பலரும் வருகிறார்கள். கவர்க்கல் மூடுபனியும் பாறையில் வழியும் நீரும் அவர்களை அழைக்கின்றன, அதில் தவறில்லை. ஆனால் அவர்களை அழைக்கும் அதே மழைதான் காட்டின் சிற்றுயிர்களையும் வெளியே வரவழைக்கிறது. தவளைகளுக்கு இது இணை தேடும் பருவம், இரவுதான் அவை நடமாடும் நேரம். ஈரத் தோலால் மூச்சுவிடும் உயிர்கள் என்பதால் மழை பெய்யும் இரவில்தான் அவற்றால் திறந்த வெளியைத் துணிந்து கடக்க முடியும். மண்ணுக்குள் மண்புழுபோல் வாழும் சிசிலியன்களும் கேடயவால் பாம்புகளும், மண் நீரில் ஊறியதும் மேலே வருகின்றன. கேடயவால் பாம்புக் குடும்பம் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றின் வேகத்துக்கு இருவழிச் சாலை பெரிய தூரம். ஆனைமலைச் சாலைகளில் அடிபட்டுச் சாகும் தவளைகளையும் ஊர்வனவற்றையும் பற்றி 2001-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. பருவத்துக்குப் பருவம் இந்தச் சாவு எப்படி மாறுகிறது என்று இதே மலையில் ஆராய்ந்து 2018-ல் வெளியான மற்றொரு கட்டுரை, மழைக்காலத்தில் அது கூடுவதைக் காட்டியது. சாலையில் இவை சாவது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரிந்த செய்தி.

வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் போதாதா என்று நெடுஞ்சாலைத் துறையினர் கேட்கலாம். வரையாட்டுக்கும் காட்டுமாட்டுக்கும் அவை ஓரளவு உதவும். ஓட்டுநர் மெதுவாகப் போனால், விலங்கைப் பார்த்ததும் நிறுத்த முடியும். ஆனால் கட்டைவிரல் அளவுள்ள தவளையை, நனைந்து கறுத்த தாரில், பனிமூட்டத்தில், முகப்பு விளக்கு நீரில் பட்டுக் கூசும்போது எந்த ஓட்டுநரால் பார்க்க முடியும்? மணிக்கு 20 கிலோமீட்டரில் போனாலும் சக்கரம் அதன்மேல்தான் ஏறும். இங்கே ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கு மேலே கடந்து போகக் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. அருமையான வேலை அது. மரத்துக்கு மரம் தாவும் குரங்குக்கு அது பொருந்தும். சாலையின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் இறங்கும் தவளைக்குப் பொருந்தாது. அதற்குக் கொடுக்க நம்மிடம் இருப்பது சக்கரம் ஓடாத சில மணி நேரம்தான்.

தவளைக்காக மனிதர் வழியை மறிப்பதா என்ற கேள்வியை நான் எளிதாக ஒதுக்கவில்லை. வால்பாறையில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைப்பவர்களுக்குப் பொள்ளாச்சி போய்வர இதுதான் வழி. அவர்களுடைய மருத்துவமும் பிள்ளைகளின் படிப்பும் உறவினர் வீட்டு நல்லது கெட்டதும் இந்தச் சாலையை நம்பியிருக்கின்றன. அவர்கள் மீது ஒரு மணி நேரத் தடையும் விழக் கூடாது. உள்ளூர் வண்டி, அரசுப் பேருந்து, ஆம்புலன்ஸ், பாலும் காய்கறியும் ஏற்றிவரும் வண்டி ஆகியவற்றுக்கு விலக்கு இருக்க வேண்டும். சாவடியில் நிற்கவைத்து அலைக்கழிப்பதும் கூடாது. நான் கேட்கும் கட்டுப்பாடு, பொழுதுபோக்குக்காக வருகிறவர்களுக்கு மட்டுமானது. பயணத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ள அவர்களால் முடியும்.

தங்கும் விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் வருமானம் குறையும் என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் இந்த விதி வருகையைத் தடுக்கவில்லை, வரும் நேரத்தைத்தான் முறைப்படுத்துகிறது. காலையில் வந்து மாலையில் இறங்கிவிடுகிறவர்கள் ஒருபுறம் இருக்க, மாலை வரை சுற்றிப் பார்க்க நினைப்பவர் அன்றிரவு அங்கேயே தங்குவார். அதனால் ஊருக்கு வருமானமே தவிர இழப்பில்லை. அதோடு, 2024 ஜூலை 30 அன்று சோலையாறு பகுதியில் மண்சரிந்து இரண்டு உயிர்கள் போனதை மாவட்ட நிர்வாகம் மறந்திருக்காது. கனமழை இரவில் பழக்கமில்லாத ஓட்டுநர்களை மலைச்சாலையில் விடாமலிருப்பது அவர்களுக்கும் பாதுகாப்பு.

உங்களுக்கு இதைச் செய்யும் அதிகாரம் உண்டா என்ற ஐயமும் வேண்டாம். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதைக்கான இரவுத் தடை 2019-ல் ஈரோடு மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த அறிவிக்கைதான். அதை நடைமுறைப்படுத்துமாறு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு உள்ளூர் மக்களின் தேவையைக் கேட்டு அதில் தளர்வுகளும் வந்தன. அந்த அனுபவம் நமக்கு முன்னால் இருப்பதால், விலக்குகளை முதலிலேயே மக்களிடம் பேசி எழுதிவிடலாம். இரண்டு சாலைகளிலும் பெரிய விலங்குகளின் சாவுதான் கண்ணில் பட்டுப் பேசப்பட்டது. ஆனைமலையில் சாகிறவை விடிந்ததுமே காக்கைக்கும் மழைநீருக்கும் போய்விடுவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே அவற்றுக்காக வழக்குப் போடுவாரும் குறைவு. நீதிமன்றம் சொல்லும்வரை காத்திராமல் நிர்வாகமே முன்வர வேண்டிய இடம் இது.

இந்த நிபந்தனைக்குப் புதிய கட்டடமோ பெரிய செலவோ தேவையில்லை. இ-பாஸ் விண்ணப்பத்தில் சாவடியைக் கடக்கும் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்பே வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை, வால்பாறை நகராட்சி, தோட்டத் தொழிற்சங்கங்கள், விடுதி உரிமையாளர்கள் ஆகியோரை அழைத்துப் பேசி அறிவிக்கையை வெளியிடுங்கள். நான்கு மாதமும் சாலையில் அடிபடும் உயிர்களை வனத்துறை கணக்கெடுத்து, அந்தக் கணக்கை ஊரறிய வெளியிடட்டும். பயன் இருந்ததா இல்லையா என்பதை அக்டோபரில் அந்தக் கணக்கை வைத்து எல்லோரும் சேர்ந்து பேசலாம்.